ஏழு மணிச் சிவப்பு

"பையன் எப்படிங்க? பெத்தவங்களுக்குத் தெரியாததுகூட ஹவுஸ் ஓனருக்குத் தெரியும்பாங்க. மறைக்காம சொல்லுங்க."

கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே மைதிலி கேட்டாள். பக்கத்தில் அவள் கணவர் இராமகிருஷ்ணன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. உட்காருமுன் நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இவர்களுடைய மகள் மோகனப்பிரியாவுக்கு, வனஜாவின் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் தமிழரசுவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்த்தாயிற்று, இரண்டு பக்கமும் பிடித்தும் போயிற்று. பூ வைக்குமுன் குடியிருக்கிற இடத்தில் ஒரு வார்த்தை விசாரிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதற்காக பாரிவாக்கம் வரைக்கும் வந்திருந்தார்கள்.

"தங்கமான பையன்," என்றாள் வனஜா. "குடி, சிகரெட்டு ஒண்ணுங் கெடையாது. தொட்டி நெறஞ்சா அவனே எறங்கி வந்து மோட்டார நிறுத்துவான். அதெல்லாம் ஒண்ணும் கொற சொல்ல முடியாது..."

"இழுக்கறீங்களே."

"இல்லம்மா."

"இல்ல, இழுக்கறீங்க. நீங்களும் பொண்ணு வெச்சிருக்கீங்க."

அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. வனஜாவின் மகள் கனிமொழி ஒன்பதாவது படிக்கிறாள். வனஜா உள்ளே பார்த்தாள். பெண் டியூஷனுக்குப் போயிருந்தாள். எழுந்து போய்த் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என் வாயால சொல்ல முடியாதும்மா. நீங்களே பாருங்க."

போனில் ஒரு பட்டியல். வீட்டு நெட்டில் யாரோ தேடிப் போன சைட்டுகளின் பெயர்கள் கறுப்பு எழுத்தில் வரிசையாக, நடுநடுவே சிவப்பில் சில வரிகள். தடுக்கப்பட்டவை சிவப்பு. இராமகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு சிவப்பு வரிகளைப் படித்தார். மூன்றாவதைப் படிக்கவில்லை. போனை மனைவியிடம் கொடுக்காமல் வனஜாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது அந்தப் பையன்தானா?"

"வேற யாருங்க? ஏழு மணிக்கு பைக் சத்தம் கேக்கும். ஏழு அஞ்சுக்கு இது ஆரம்பிக்கும். ஞாயித்துக்கெழம ஊட்ல கீறான்னா காலைலேர்ந்தே."

"எழுத்துலயே இருக்கு," என்றார் அவர் மனைவியைப் பார்த்து. "கிளம்பலாம்."

காப்பி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

அந்தப் பட்டியலை வனஜாவின் போனில் போட்டுக் கொடுத்ததே தமிழரசுதான். கனிமொழியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வீட்டில் நெட் வைத்திருக்கிறவர்கள் பிள்ளைகளுக்காக வடிகட்டி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு டீச்சர் சொன்னார். வனஜாவுக்கு வடிகட்டி என்றால் டீ வடிகட்டிதான் தெரியும். மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் சேர்த்து ஒரே வைஃபை. தமிழரசு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். அவனைக் கூப்பிட்டாள்.

"ரவுட்டர் பாஸ்வேர்டு என்னக்கா?"

"வந்து மாட்னவன் இன்னா வெச்சானோ அதான்."

"அத மொதல்ல மாத்தணும். பூட்டு வாங்கி சாவிய பூட்டுலயே தொங்க விட்ட மாதிரி இருக்கு." அவன் ஸ்டூலில் ஏறி நின்று பெட்டியின் பின்னால் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டே பேசினான். "இப்ப ஒரு சைட் பேர நாம அடிக்கிறோம்ல, அதோட முகவரி எங்கன்னு நம்ம ரவுட்டர் ஒரு எடத்துல போய் விசாரிக்கும். அதுக்குப் பேரு டி.என்.எஸ்."

"பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பராண்ட கேக்குற மாதிரியா?"

"அதேதாங்கக்கா! அந்த டைம் கீப்பர மாத்தி, நல்ல ஆளா ஒருத்தர உக்கார வெச்சிடறோம். கெட்ட எடத்துக்கு பஸ் எதுன்னு கேட்டா, அப்படி ஒரு ஊரே இல்லம்பாரு. யார் யார் என்ன கேட்டாங்கன்னு நோட்டுல எழுதியும் வெப்பாரு. ஆனா ஒண்ணு, கேட்டது எந்த ரூம்லேர்ந்துன்னு அவருக்குத் தெரியாது. மொத்த வீடும் அவருக்கு ஒரே ஆளுதான். அதப் பாத்து யாரையும் சந்தேகப்பட்டுடாதீங்க."

"நான் யார சந்தேகப்படப் போறேன்?"

"நெட்டுல என்னென்ன ஓடுது வீட்ல?"

"என் போனு, கனி போனு, மாடில உன் போனு, உன் லேப்டாப்பு. அவ்ளோதான். கனி நைனாவோடது பட்டன் போனு."

ஒரு வாரம் கழித்துச் சிவப்பு வரிகளை முதன்முதலில் பார்த்தபோது வனஜாவுக்கு உடம்பு கூசியது. மாடிப்படியைப் பார்த்தாள். பூட்டைச் செய்தவனே திருடுகிறான், கேட்டால் யாரென்று தெரியாது என்பதற்கு முன்கூட்டியே ஒரு கதையும் சொல்லி வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். கல்யாணமாகாத பையனிடம் ஒரு பொம்பளை எப்படிப் போய் இதைக் கேட்பது? கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், தினமும், ஏழு மணிக்கு.

மைதிலி வந்து போன நாலாம் நாள் தமிழரசு படியிறங்கி வரும்போது அவளிடம் சொன்னான்:

"அது நின்னு போச்சுக்கா."

"எது தம்பி?"

"ஆவடி சம்பந்தம். ஜாதகத்துல ஏதோ தோஷமாம். முன்னாடி பொருந்துதுன்னு சொன்னவங்கதான், இப்ப வேற ஜோசியர்கிட்ட காட்டினாங்களாம்." சிரித்தான். "மோகனப்பிரியாகூட ரெண்டு வாட்டி போன்ல பேசினேன். நல்லா பேசுச்சி."

வனஜா கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். ஒரு பெண்ணைக் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அவன் முகத்தைத் தினமும் பார்க்க முடியவில்லை. மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கப் போகிறார், போர்ஷன் வேண்டும் என்று ஒரு பொய் சொன்னாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் ஐயப்பன்தாங்கலில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனான். போகும்போது ரவுட்டரின் புது பாஸ்வேர்டை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் போன மறுநாள் சாயங்காலம் வனஜா போனைத் திறந்தாள். இனி சிவப்பு வராது, சும்மா ஒரு தரம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தாள்.

ஏழு ஐந்து. சிவப்பு. ஏழு ஏழு. சிவப்பு.

"யோவ், உன் போனக் குடு."

பந்தல் வாடகைக் கடையிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஆனந்தன் திரும்பிப் பார்த்தான். "இன்னாத்துக்குமே?"

"குடுய்யா."

"இந்தா. பட்டன் தேஞ்சி போய் கீது, நல்லா அமுக்கிப் பாரு. இன்னா கீது இதுல, உன் பேரும் நாலு சாமியானாக்காரன் பேரும்."

அவனில்லை. அப்படியானால்? கனிமொழியின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"எதுக்கும்மா புடுங்கற? நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. படி."

"படிக்கறதே அதுலதான் கீது!"

"அப்ப புக்குல படி!"

பெண் அழுதுகொண்டே போய்ப் படுத்தாள். மறுநாள் ஏழு மணிக்கு, பூட்டின பீரோவுக்குள் போன் அணைந்து கிடக்கையிலேயே சிவப்பு வந்தது. அதற்கடுத்த நாள் கனிமொழியை அவள் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பார்த்தாள். வந்தது. மாடி காலி. பெண் வீட்டில் இல்லை. புருஷனிடம் பட்டன் போன்.

"ஊட்ல ஆளே இல்லய்யா. அப்ப யாருய்யா கேக்கறது?"

"யார் எத்தக் கேக்கறது?" என்றான் ஆனந்தன்.

அவனிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"அந்தப் புள்ளயப் பத்தியா சொன்ன? ஆவடிக்காரங்களாண்டயா?"

"ஆமா."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லிகினு செஞ்சியா?"

"இல்ல."

"போன் பண்ணு அவனுக்கு."

"எந்த மூஞ்சிய வெச்சிகினு பண்றது?"

"அன்னிக்கு எத்த வெச்சிகினு சொன்னியோ, அத்த வெச்சிகினு பண்ணு."

தமிழரசு இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்கக்கா! கனி எப்படிப் படிக்கிறா? மாமியார் வந்துட்டாங்களா?"

"வ... வந்துகினு கீறாங்க தம்பி. அந்த லிஸ்ட்டு... அதுல செவப்பு செவப்பா வருது. யாரும் இல்லாதப்பவே வருது."

"எத்தன நாளா?"

"ரெண்டு மூணு நாளா."

"புதுசா ஏதாச்சும் வாங்கி மாட்டினீங்களா?"

"இல்லியே."

"புதுசா ஒண்ணும் இல்லாம திடீர்னு வராதேக்கா. நல்லா யோசிச்சு சொல்லுங்க. எப்பலேர்ந்து?"

வனஜா கண்ணை மூடிக்கொண்டாள். "நீ போட்டுக் குடுத்த வாரத்துலேர்ந்தே."

"நான் இருக்கும்போதேவா? அப்பவே சொல்லியிருக்கலாமே, அஞ்சு நிமிஷ வேல."

அவன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான்: ஒவ்வொன்றாக அணையுங்கள், அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பட்டியலைப் பாருங்கள், எதை அணைத்தால் நிற்கிறது என்று பார்க்கலாம். மற்றப் போன்கள் ஏற்கெனவே கணக்கில் இல்லை. வனஜாவின் சொந்தப் போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, சிம் நெட்டில் பட்டியலைப் பார்த்தாள். நிற்கவில்லை.

"அக்கா, பின்னாடி என்ன சத்தம்?"

"டி.வி. சீரியலு. ஏழு மணிக்குப் போடுவேன்ல."

"கேபிள்லதான வருது?"

"இல்ல தம்பி. பூந்தமல்லில ஒரு கடைல பொட்டி ஒண்ணு வாங்கி மாட்னோம். எல்லா சேனலும் சும்மாவே வரும்னான்."

"அது நெட்டுல ஓடற பெட்டிக்கா. நான் என்னென்ன ஓடுதுன்னு கேட்டேனே."

"அது டி.வி. தானேன்னு..."

"அத சுவிட்ச்சுலயே அணைங்க."

அணைத்தாள். சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தது பாதியில் நின்றது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு சிவப்பும் இல்லை. மறுபடி போடச் சொன்னான். போட்ட சூட்டோடு சிவப்பு வந்தது.

"அதான் திருடன்," என்று சிரித்தான் தமிழரசு. "பேரில்லாத மலிவுப் பெட்டி சிலதுல இப்படி உள்ளயே எதையாச்சும் வெச்சு அனுப்பிடுவாங்க. யாரும் தொட வேணாம், அதுவே கண்ட எடத்துக்கும் போய்க் கதவத் தட்டிக்கிட்டே இருக்கும். நீங்க உக்காந்து சீரியல் பாத்துட்டு இருப்பீங்க, உங்க பேர்ல அது ஊர் சுத்தும். தூக்கிப் போட்ருங்க. நல்லவேள, கனி மேல சந்தேகப்படாம என்கிட்ட கேட்டீங்க."

இப்போது சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது.

"தம்பி..."

"வெச்சிடவாக்கா? அம்மா ஆரணிலேர்ந்து வந்திருக்காங்க. கோயிலுக்குக் கிளம்பிட்டாங்க, கீழ நிக்கிறாங்க. அந்தத் தோஷம் கேட்டதுலேர்ந்து வாரம் ஒரு கோயில், செவ்வா வெள்ளி பட்டினி. சொன்னா கேக்கறதில்ல."

போன் அணைந்த பிறகும் வனஜா அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"போன்லயே சொல்லிட்டு வுட்டுடேன், ஆவடிக்காரங்களாண்ட," என்றான் ஆனந்தன் மறுநாள் காலையில்.

"நேர்ல காட்னத நேர்லதான்யா திருப்பி வாங்கணும். வண்டிய எடு."

டி.வி. பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள். ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கிவிட்ட ஆனந்தன் வண்டியைவிட்டு இறங்கவில்லை. "நான் இங்கயே நிக்கறேன். ஒங்கூட வந்தா நீ என்னப் பாத்துகினு நிப்ப."

கதவைத் திறந்த மைதிலி முதலில் அடையாளம் தெரியாமல் நின்றாள். தெரிந்ததும் வழிவிட்டாள். இராமகிருஷ்ணன் வீட்டில் இருந்தார். வனஜா உட்காராமலே பெட்டியை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னாள். எங்கேயாவது கோபமாக யாராவது குறுக்கே பேசினால் நல்லது என்று இருந்தது. கடைசியில் இராமகிருஷ்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செஞ்சவன் பேரே இல்ல. எங்கன்னும் இல்ல." மெல்லக் கீழே வைத்தார். "ஒரு போல்ட்டு எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியாம நான் உள்ள விட்டதில்லம்மா, இருபத்தெட்டு வருஷத்துல. அன்னைக்கு உங்க போன்ல ரெண்டு வரி பாத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"உங்கள யார் என்ன சொன்னா?" என்றாள் மைதிலி வெடுக்கென்று. "இவங்க காட்டினாங்க, நாம நம்பினோம்." வனஜாவிடம் திரும்பினாள். "ஏங்க, எங்க நெலமைல இருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? நாங்க சேலத்துக்காரங்க. இங்க எங்களுக்கு யாரத் தெரியும்? உங்கள நம்பித்தான வந்தோம்?"

"தப்பு என்னுதும்மா. உங்களுது ஒண்ணுமில்ல."

உள்ளறைக் கதவருகே மோகனப்பிரியா நின்றிருந்தாள். வேலைக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தவள்.

"ஜாதகம்னு சொன்னீங்கம்மா," என்றாள் தாயிடம்.

"உன்கிட்ட வேற எப்படிடி சொல்றது? இத வாயால சொல்ற விஷயமா?"

"என்கிட்ட சொல்லியிருந்தா, அவர்கிட்டயே கேட்டிருப்பேன்." வனஜாவிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா. இங்க சொல்லிட்டா, நீங்க மறுபடி பேச ஆரம்பிப்பீங்க, அப்டியே சரியாப் பூடும்னு..."

"அவருக்குத் தெரியாமலே சரி பண்ணலாம்னு வந்தீங்க."

"ஆமாம்மா."

"நாங்க மறுபடி எந்த மொகத்தோட பேசறது? தோஷம் சரியாயிடுச்சுன்னா? இன்னொரு பொய்யா?"

வனஜா போனை எடுத்தாள். "இப்பவே பேசறேன். இங்கயே, உங்க முன்னாடியே."

"இங்க வேணாம்," என்றாள் மோகனப்பிரியா. "அவரப் பத்தி எங்க வீட்ல ஒரு தடவ உக்காந்து கேட்டது போதும். வெளிய போய்ப் பேசுங்க."

சைக்கிள் நிறுத்துமிடத்தின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றாள். தூரத்தில் ஆனந்தன் வண்டிமேல் உட்கார்ந்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தமிழரசு எடுத்தான்.

"என்னக்கா, பெட்டியக் கழட்டியும் வருதா?"

"வரல தம்பி. இது வேற. நடுவுல பேசாம கேளு, பேசினா எனக்குச் சொல்ல வராது."

சொன்னாள். மைதிலி கேட்டது, தான் போனை எடுத்து வந்தது, காட்டியது, மாமியார் என்று சொன்ன பொய். அவன் நடுவில் பேசவில்லை.

"தம்பி? லைன்ல கீறியா?"

"இருக்கேன்."

"ஒங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். பொம்பள எப்டி கேக்கறதுன்னு வெக்கமா இருந்திச்சி."

"என்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு," என்றான் அவன் மெதுவாக. "அவங்ககிட்ட காட்ட இல்லயாக்கா?"

வனஜா தகரத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து அவ்ளோ நேரம் பேசினேன். நேத்தும் சொல்லல."

"சொல்லல. என்னிய மன்னிச்சிடு தம்பி."

"தெரியலக்கா. இப்ப எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அந்தப் பொண்ணுக்கும் இதான் தெரியுமா என்னப் பத்தி?"

"அதுக்கு இன்னிக்கித்தான் தெரியும். ஜாதகம்னுதான் அதுக்கும் சொல்லி கீறாங்க. இன்னிக்கி உனக்காக அதான் என்னக் கேட்டுச்சு, ஒன்னாண்ட சொன்னியான்னு. அது அனுப்பித்தான் பேசறேன்."

மறுமுனையில் யாரோ பெண் குரல் தூரத்தில் எதையோ கேட்டது. அவன் "ஒண்ணுமில்லம்மா" என்றான். பிறகு போனுக்குள் சொன்னான்: "ஆவடிக்காரங்ககிட்ட பேசறதா வேணாமான்னு நான் அப்புறம் யோசிக்கறேன். இப்ப அம்மாகிட்ட குடுக்கறேன், நீங்களே சொல்லுங்க. காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. என் நேரம் சரியில்ல, தான் பெத்த நேரம் சரியில்லன்னு ஒரு மாசமா அழறாங்க. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேம்பாங்க."

போன் கைமாறியது. வளையல் சத்தம்.

"யாரு? நாகம்மா பேசறேன்."

"அம்மா, நான் பாரிவாக்கத்துலேர்ந்து வனஜா. உங்க புள்ள குடியிருந்த ஊட்டுக்காரி."

"தெரியுமே, சொல்லுவான். நல்லவங்கன்னு சொல்லுவான். நல்லாருக்கீங்களா?"

"உங்க புள்ள ஜாதகத்துல தோஷம் ஒண்ணும் இல்லீங்கம்மா. அவங்க வேற ஜோசியர்கிட்ட எல்லாம் காட்டல. நீங்க சாப்புடுங்க."

"அப்ப ஏன் வேணாம்னாங்க?"

"என்னாலம்மா."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"இரு, உக்காந்துக்கறேன்," என்றாள் நாகம்மா. "மொதல்லேர்ந்து சொல்லு."

வனஜா நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள்.